எழுபதைத் தாண்டினால்

அந்த அக்கா வண்டி ஓட்டும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலைப் பெடலில் வைப்பார். முதல் தடவை அவரோடு சோதனை ஓட்டத்துக்குப் போனபோது ஏன் என்று கேட்டேன். செருப்புப் போட்டிருந்தால் வண்டி சொல்வது காலுக்குக் கேட்காது என்றார்.

நான் அப்போது மணலிப் பக்கம் ஒரு பிக்கப் வண்டிப் பணிமனையில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். வண்டியோடு வருகிறவர்களிடம் குறையைக் கேட்டு, மெக்கானிக்குகளுக்குப் புரியும்படி சொல்வது என் வேலை. அக்காவின் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பணிமனையில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. ‘ஒதறல் அக்கா’ என்றுதான் சொல்வார்கள். அவர் காதில் அது விழுந்திருக்கிறது. அவர் கோபப்பட்டதில்லை. வண்டி உதறுவது நின்றால் பெயரும் நின்றுவிடும் என்று ஒருநாள் ஃபோர்மேனிடம் சொல்லியிருக்கிறார்.

அவர் திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். நாற்பதை ஒட்டிய வயது, இரண்டு பெண் பிள்ளைகள். கணவர் கடலில் போய்விட்டார். அதற்குப் பிறகு வாங்கிய வண்டி அது. காசிமேட்டில் மீன் ஏற்றி வியாபாரிகளுக்குக் கொண்டுபோய் இறக்குவது தொழில். பாதி நாள் அவர் ஓட்டுவார், பாதி நாள் கணவரின் தம்பி ஓட்டுவான். முதலில் ஊருக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த வண்டி, பிறகு ஆந்திராவின் கூடூர்ப் பக்கத்திலிருந்து இறால் ஏற்றிவர நெடுஞ்சாலைக்குப் போக ஆரம்பித்தது. அப்போதுதான் குறையோடு வந்தார். வண்டி அவ்வளவு புதிது, சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

“எழுபது வரிக்கும் ஒண்ணும் இல்ல தம்பி. எழுபதத் தாண்டினா ஒதறுது. கைல இல்ல, சீட்டுக்கு அடில ஒதறுது” என்றார்.

இவ்வளவு துல்லியமாக யாரும் குறை சொல்வதில்லை. “வண்டி என்னமோ மாதிரி இருக்கு” என்றுதான் வருவார்கள்.

‘அது அப்படித்தான் இருக்கும்’ என்ற பதில் அவருக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் பாதி வாழ்க்கை அந்தப் பதிலில்தான் ஓடுகிறது. காயப்போட்ட துணியில் சாம்பல் படிந்தால் அப்படித்தான் இருக்கும். குழாய்த் தண்ணீர் மஞ்சளாக வந்தால் அப்படித்தான். கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றால் அப்படித்தான். அக்கா ஒவ்வொன்றுக்கும் உரியவரைத் தேடிப் போய் நின்று கேட்பார். சண்டை போடமாட்டார், குரலையும் உயர்த்தமாட்டார். “ஏன் இப்பிடி கீது?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அங்கேயே நிற்பார். எதிரில் இருப்பவருக்கு வேறு வேலை இருக்கும். அக்காவுக்கு வேறு வேலை இருப்பதாகவே தெரியாது.

எங்கள் வாட்ச்மேனின் இடது செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். வருஷக்கணக்காக அந்த மனிதர் எங்கள் முன்னால் நடந்துகொண்டிருந்தார், நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அக்கா அவரை நிறுத்தி, எப்போதிலிருந்து சாய்ந்து நடக்கிறீர்கள், எங்கே வலிக்கிறது, மாடிப்படி ஏறும்போதா இறங்கும்போதா என்று கேட்டார். மனிதருக்கு வியர்த்துவிட்டது. செருப்புக்கும் அலைன்மென்ட் பார்க்க வந்துவிட்டார்கள் என்று ஃபோர்மேன் சிரித்தார். மறுவாரம் அக்கா அவரைத் தன் வண்டியிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இடுப்பு எலும்பில் கோளாறு. இன்னும் கொஞ்ச காலம் விட்டிருந்தால் நடக்க முடியாமல் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். அன்றிலிருந்து அக்காவின் வண்டியைப் பார்த்தால் ஓடிப்போய் கேட்டைத் திறப்பார். ஓடவேண்டாம் என்று அக்கா உள்ளேயிருந்தே கையைக் காட்டுவார்.

எல்லா நேரமும் இப்படி நல்லதாக முடியாது. ஒரு சமயம் அவர் வாங்கிய ஐஸ் பாளங்கள் போய்ச் சேர்வதற்குள்ளேயே பாதி கரைந்துவிட்டன. ஐஸ் கம்பெனிக்குப் போய் ஏன் என்று கேட்டு நின்றார். பாளத்தை உடைத்துப் பார்த்தால் நடுவில் உறையவே இல்லை. வெளியே லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்கின்றன என்று ஒரு தொழிலாளி நேரத்துக்கு முன்பே பாளங்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அக்கா மறுநாளும் அதற்கு மறுநாளும் போய், அவனைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி நின்றார். எடுக்கவில்லை. இதை அக்காதான் என்னிடம் சொன்னார். “நான் அவனயா கேட்டேன், ஐஸத்தான கேட்டேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவையும் அதையே சொன்னார்.

வண்டிக்கு வருகிறேன். முதலில் சக்கரங்களுக்கு பேலன்சிங் பார்த்தோம், அலைன்மென்ட் பார்த்தோம். ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிட்டார். நானே அவரோடு ஏறினேன். காரனோடை தாண்டி கல்கத்தா ஹைவேயில் போனோம். டாஷ்போர்டில் பாதி தண்ணீரோடு ஒரு பாட்டிலைச் சாய்த்து வைத்திருந்தார். அறுபதில் தண்ணீர் அசையாமல் நின்றது. எழுபதைத் தொட்டதும் மேற்பரப்பில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்தன. எழுபத்தைந்தில் என் முதுகுத்தண்டு வரை அது ஏறியது. ஸ்டியரிங் சும்மா இருந்தது. முன்சக்கரக் கோளாறு என்றால் ஸ்டியரிங்கில் தெரியும், சீட்டில் தெரிந்தால் பின்பக்கம் என்பது எங்கள் கணக்கு. கியரை நியூட்ரலில் தள்ளிவிடச் சொன்னேன். எஞ்சின் சத்தம் அடங்கிய பிறகும் உதறல் அடங்கவில்லை. ஆக, எஞ்சினிலும் இல்லை.

பின்சக்கரங்களைக் கழற்றி, யார்டில் நின்ற இன்னொரு புது வண்டியின் சக்கரங்களைப் போட்டுப் பார்த்தோம். உதறியது. பேரிங் பார்த்தோம், பிரேக் டிரம்மைப் பார்த்தோம். எஞ்சின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் நீளமான இரும்புத் தண்டு ஒன்று வண்டிக்கு அடியில் ஓடும், ஷாஃப்ட் என்போம். அது எங்காவது வளைந்திருக்கிறதா என்று அளந்தும் பார்த்தோம். நேராகத்தான் இருந்தது. கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருநாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, காலி வண்டியில் இவ்வளவு இருக்கும், லோடு ஏற்றினால் போய்விடும் என்றார். அக்கா லோடு ஏற்றிக்கொண்டே வந்து அவரை உட்காரவைத்து ஓட்டிக் காட்டினார். உதறல் குறைந்திருந்தது, போகவில்லை. எழுபதுக்குள் ஓட்டிக்கொள்ளுங்களேன் அக்கா, மீன் வண்டிக்கு அதற்கு மேல் எதற்கு என்று நான் ஒரு சோர்வில் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது.

அந்தப் பயத்தின் கதையை ஃபோர்மேன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் காசிமேட்டுக்காரர். அக்காவின் கணவரும் அவர் தம்பியும் ஒரே விசைப்படகில் போனவர்கள். படகிலும் எஞ்சினிலிருந்து தண்ணீருக்கடியில் சுழலும் காற்றாடிக்கு ஒரு ஷாஃப்ட் போகும். நடுக்கடலில் அது ஆட ஆரம்பித்து, தண்ணீர் புகுந்து, படகு மூழ்கிவிட்டது. தம்பி ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து, வேறொரு படகில் ஏறிக் கரை வந்தான். அண்ணன் உடல் பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. அதற்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவே இல்லை. கடல் இருக்கும் பக்கம் திரும்பிக்கூடப் படுக்கமாட்டான் என்று சொல்வார்களாம். அண்ணி வீட்டிலேயே இருந்துகொண்டு, அண்ணன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வண்டி ஓட்டினான்.

அவனை நான் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற ஆள். வண்டி உதறுகிறது என்று முதலில் சொன்னவனே அவன்தான். முதன்முதலாகக் கூடூர் போய்விட்டு வந்த அன்று, “அண்ணி, வண்டி மேல போனா ஒரு மாதிரி ஒதறுது” என்று சொல்லியிருக்கிறான்.

எங்கள் பணிமனையில் எல்லோரிடமும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. வண்டியை எங்காவது மோதினீர்களா, பெரிய பள்ளத்தில் இறக்கினீர்களா? ஃபோர்மேன் அதை அக்காவிடம் கேட்டார். ஒன்றும் கிடைக்காதபோது கேட்கிற கேள்விதான். அக்கா யோசித்தார். தான் மோதவில்லை. அப்படியானால் மிச்சம் ஒரே ஒரு ஆள். அவன் போய்வந்த அன்றைக்குத்தான் உதறல் ஆரம்பித்தது.

மறுநாள் காலை அவனை அழைத்துக்கொண்டு வந்தார். வண்டி லிஃப்டில் தலைக்கு மேல் நின்றது. அதன் அடியில் நின்றுகொண்டு அவனைக் கேட்க ஆரம்பித்தார். எங்கே மோதினாய்? மோதவில்லை. தடா ஊர்ப் பக்கம் டிவைடரில் ஏற்றினாயா? இல்லை. தூங்கிவிட்டாயா? இல்லை. பயந்துகொண்டு மறைக்கிறாயா? இல்லை. ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் அவர் காத்திருந்த விதம் எனக்குப் பழக்கமானது. தன் வீட்டு ஆளிடம் அப்படிக் காத்திருந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. அருகில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“நீதான மொதல்ல ஒதறுதுன்னு சொன்ன” என்றார் அக்கா.

“சொன்னது தப்பா?”

“ஒண்ணும் பண்ணாம எப்பிடி ஒதறும்? புது வண்டி.”

அவன் தலையை நிமிர்த்தி வண்டியின் அடியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அங்கே ஷாஃப்ட் நீளமாகத் தெரிந்தது.

“வண்டியக் கேக்கறியா அண்ணி, அண்ணன் போன போட்டக் கேக்கறியா?” என்றான்.

போட்டைக் கேட்கவில்லை என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தோன்றியது. அவர் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. அவன் சட்டைப்பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து என் மேசையின் மேல் வைத்துவிட்டு கேட்டைத் தாண்டிப் போனான். வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்து, அவன் ஆந்திராவில் படகுக்குப் போய்விட்டதாக அக்கா சொன்னார். எப்போதும் மற்றவர்களைப் பார்த்துப் பேசுகிறவர், அதை மட்டும் தரையைப் பார்த்துச் சொன்னார். பிள்ளைகள் சித்தப்பா எங்கே என்று கேட்டால் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

அதன் பிறகும் வண்டியைக் கொண்டுவந்தார். ஆனால் பேச்சு குறைந்துவிட்டது. அந்த இன்ஜினியருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. யாரும் கூப்பிடாமலே ஒருநாள் வந்தார். சட்டையைக் கழற்றிவைத்துவிட்டு பனியனோடு வண்டிக்கு அடியில் போனார். ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் பல்லோடு பல்லாகக் கோத்துப் பூட்டியிருக்கும். கோக்கும்போது இரண்டு துண்டிலும் உள்ள அம்புக்குறிகள் நேருக்கு நேர் நிற்கவேண்டும். துருப்பிடிக்காமல் இருக்க அடித்த கறுப்புப் பூச்சு அந்தக் குறிகளை மூடியிருந்தது. அவரும் ஃபோர்மேனுமாகச் சுரண்டி எடுத்தார்கள். ஒரு பல் தள்ளிக் கோத்திருந்தது. மெதுவாகச் சுற்றும்போது தெரியாது. வேகம் கூடினால் இரண்டு துண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் அடித்துக்கொள்ளும்.

கழற்றிச் சரியாகப் பூட்டினோம். அக்கா என்னையும் இன்ஜினியரையும் ஏற்றிக்கொண்டு ஹைவேக்குப் போனார். எழுபது, எழுபத்தைந்து, அதற்கு மேல் அந்த வண்டி போகாது என்கிற வேகம் வரை போனார். பாட்டிலில் தண்ணீர் அசையவில்லை. இன்ஜினியர் சிரித்தார். அக்கா வண்டியை ஓரம்கட்டினார்.

“இது எப்பலேர்ந்து இப்பிடி கீது சார்?”

“வண்டி வந்ததுலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கும். ஊருக்குள்ள ஓட்டினதால தெரியல. ஹைவேல போனதும் தெரிஞ்சிருக்கு.”

“அப்ப யாரும் அடிக்கல.”

“அடிச்சா இப்படி ஆகாதும்மா.”

அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது. பிறகு வண்டியைத் திருப்பினார். நான்கு மாதம் தேடிய காரணம் கிடைத்த நாள் அது. எங்கள் யாரிடமும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். ஃபோர்மேனுக்கு அதில் வருத்தம்தான்.

இரண்டு நாள் கழித்து வந்து, ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வரமுடியுமா என்று என்னைக் கேட்டார். கொழுந்தன் இருக்கும் படகுத்துறை நெல்லூருக்கு அந்தப் பக்கம். தான் போய்ச் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வதாக நினைப்பான், பணிமனை ஆள் ஒருவர் சொன்னால்தான் நம்புவான் என்றார். என் வீட்டில் அன்றைக்கு விசேஷம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. போனேன்.

நாங்கள் போனபோது அவன் படகுகள் கட்டியிருந்த மேடையில் டீசல் கேன்களை இறக்கிக்கொண்டிருந்தான். கறுத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் கேனைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்றுதான் முதலில் கேட்டான். இல்லை என்றதும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் ஷாஃப்ட், பல், அம்புக்குறி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான்.

“நான் அடிக்கலன்னு எனக்குத் தெரியும் சார்” என்றான்.

அக்கா என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

“போட்டுல சத்தம் எப்ப வந்திச்சு?” என்றார்.

அவன் திகைக்கவில்லை. கேன் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“மொத வலை இழுத்து வாங்கினப்புறம்.”

“எங்கேர்ந்து?”

“பின்னாடி. ஷாஃப்ட் வெளிய போற எடத்தாண்ட.”

“அவராண்ட சொன்னியா?”

“சொன்னேன். கரைக்குப் போய்ப் பாத்துக்கலாம்னாரு. மீனு நல்லா வுழுந்துகினு இருந்திச்சு.”

“நீ இன்னா சொன்ன?”

“சரின்னேன்.”

“தண்ணி வந்தத யாரு பாத்தது?”

“நான்தான். பாத்தப்போ முட்டிக்கால் வரிக்கும் வந்துட்டுது. அண்ணன் எஞ்சினாண்ட எறங்கிச்சு. என்னிய மேல போடான்னிச்சு. நான் மேல வந்தேன்.”

அக்கா விடவில்லை. மேலே வந்த பிறகு கூப்பிட்டாயா, குரல் கேட்டதா, எவ்வளவு நேரம், கேனை யார் எடுத்துப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் அவன் நிறுத்தி, யோசித்து, உள்ளது உள்ளபடி சொன்னான். கேனை அண்ணன்தான் உள்ளேயிருந்து தூக்கி எறிந்தது என்று சொல்லும்போது மட்டும் தான் உட்கார்ந்திருந்த கேனைக் குனிந்து பார்த்தான். கேள்விகள் தீர்ந்துபோயின. படகில் யாரோ அவனைத் தெலுங்கில் கூப்பிட்டார்கள். எழுந்தான்.

“இத்த நீ அன்னிக்கே கேட்டிருக்கணும் அண்ணி. ஊரு பூரா போய் நின்னு கேக்கற. ரெண்டு வருசம் எனக்கு சோறு போட்ட. ஒரு நாளு கூட என்னியக் கேக்கல.”

பிள்ளைகளுக்கு என்று ஒரு பையில் கருவாடு கட்டிக் கொடுத்தான். அன்று மதியமே அவர்கள் படகு கிளம்பியது. அக்கா மேடையின் நுனியில் போய் நின்றுகொண்டார். படகு முகத்துவாரத்தைத் தாண்டும்போது அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார். சாலை காலியாக இருந்தும் ஐம்பதுக்கு மேல் போகவில்லை. சூலூர்ப்பேட்டை தாண்டிய பிறகு தானாகவே சொன்னார்.

“கேட்டா, ஆமா அண்ணி என்னாலதான்னு சொல்லிடுவானோன்னு பயம் தம்பி. அப்பிடி சொல்லிட்டா அப்புறம் அவன வூட்ல வெச்சிக்க முடியாதில்ல. எனக்கு அவன் வூட்ல இருக்கணும்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்கு அடுத்த வருடம் நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். ஃபோர்மேனிடம் எப்போதாவது பேசுவேன். மீன்பிடித் தடைக்காலத்தில் அவன் வீட்டுக்கு வந்தான் என்றும், குப்பத்தில் பிள்ளைகளோடு அவனைப் பார்த்ததாகவும் சொன்னார். தடை முடிந்ததும் வண்டிக்கே வந்துவிடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்களாம். அவன் மறுபடியும் படகுக்குத்தான் போனான். இந்தத் தடவை அக்காவே வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் துறையில் விட்டார். கிளம்புவதற்கு முன் அந்தப் படகில் ஏறி, பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினாராம்.